பதினேழாம் எண் கொடி

இரும்புலியூரில் எங்கள் அடுக்குமாடியில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், மூளையைச் சரிசெய்கிற ஆராய்ச்சி என்று சொல்வேன். கேட்டவர்கள் ஒரு நொடி வாயடைத்துப் போவார்கள். அந்த ஒரு நொடி எனக்கு ரொம்பப் பிடிக்கும். லிஃப்ட் வருகிற வரைக்கும் அந்த மரியாதையிலேயே நிற்பேன். நான் சரிசெய்யப் பார்த்தது எலிகளின் மூளையை என்பதும், வாரத்தில் பாதி நாள் அந்த எலிகளைக்கூடப் பார்க்காமல் ஒரு ஐஸ் பெட்டியோடு பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன் என்பதும் லிஃப்டில் சொல்லத் தேவைப்படவில்லை.

எங்களுக்கு வேண்டியது தொப்புள்கொடி. பிள்ளை பிறந்ததும் வெட்டிக் குப்பைக்குப் போகிற கொடிதான். அதன் உள்ளே வழவழவென்று ஒரு சதை இருக்கும். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, தட்டில் பரப்பி, வெதுவெதுப்பாக வைத்துப் பராமரித்தால் சில நாட்களில் ஓரங்களிலிருந்து ஸ்டெம் செல்கள் ஊர்ந்து வெளியே வரும். அந்த செல்களைக்கூட நாங்கள் எலிக்குக் கொடுப்பதில்லை. அவை தம்மைச் சுற்றியுள்ள திரவத்தில் மிக நுண்ணிய குமிழிகளை விட்டுக்கொண்டே இருக்கும். அவற்றுக்குப் பெயர் எக்சோசோம். ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்புகிற சேதி அவற்றுக்குள் இருக்கிறது. அடிபட்ட மூளைக்கு அந்தச் சேதி போய்ச் சேர்ந்தால் அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளுமா என்பதுதான் எங்கள் கேள்வி. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்படும் குழந்தைகளை மனத்தில் வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சி அது.

குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரி. அங்கேதான் எனக்கு அனுமதி கிடைத்திருந்தது. கொடி கேட்பதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. வலி எடுப்பதற்கு முன்பே, செக்கப்புக்கு வரும்போதே தாயிடம் பேச வேண்டும். ஆராய்ச்சிக்காகத் தருகிறீர்கள், திரும்பக் கிடைக்காது, உங்களுக்கோ குழந்தைக்கோ இதனால் பயன் எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டும். அவர் சரியென்றால் கையெழுத்து. பிறந்த குழந்தை நன்றாக இருந்தால் மட்டுமே கொடியை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த விதிகளை எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான். நல்ல தமிழில், புள்ளி விடாமல் எழுதியிருந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆயாம்மா இருந்தார். என்னைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"இன்னா மேடம், இன்னிக்கும் பொட்டிய தூக்கினு வந்துட்டியா? அல்லாரும் கொயந்தய பாக்க வராங்கோ. நீ மட்டும் கொடிய பாக்க வர."

நானும் சிரிப்பேன். அவர் கிண்டலாகச் சொன்னது உண்மை என்று அப்போது உறைக்கவில்லை.

அந்த மாதம் எங்களுக்குக் கொடிப் பஞ்சம். எடுத்த இரண்டு கொடிகளிலும் பூஞ்சை பிடித்து, தட்டோடு தூக்கிப் போட வேண்டியதாயிற்று. என்னிடம் பிஎச்டி செய்துகொண்டிருந்த பெண் காலையும் மாலையும் வந்து "எப்ப மேடம் அடுத்தது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலான எரிச்சல். நானா பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறேன் என்று ஒருநாள் அவள்மேல் எரிந்து விழுந்தேன். மறுநாள் காலை, செக்கப் நாள் கூட இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அட்மிஷன் ஆனவர்களிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அங்கே ஒரு பெண் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைச்சன் பிரசவம். நர்சரி ஸ்கூலில் டீச்சர் என்று சொன்னாள். கணவர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறவர். மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தார். நான் படிவத்தை நீட்டினேன். பெரும்பாலானோர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இவள் டீச்சர் அல்லவா, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். வலி வரும்போது பேப்பரை மார்மேல் கவிழ்த்து வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். வலி விட்டதும் விட்ட இடத்திலிருந்து படிப்பாள். நான் ஐஸ் உருகுகிறதே என்று பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, குழந்தையோட கொடியைச் சேர்த்து வைக்கறாங்கன்னு விளம்பரம் வருதே, அதானே இது?"

"இல்லம்மா, அது வேற. இது ஆராய்ச்சிக்கு."

"ஆராய்ச்சின்னாலும் உங்ககிட்டதானே இருக்கும்? நாளைக்கே என் குழந்தைக்கு ஒண்ணுன்னா, வந்து கேட்டா குடுப்பீங்கல்ல?"

அந்தக் கேள்வி முடியும்போதே அடுத்த வலி வந்துவிட்டது. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். பதில் எனக்குத் தெரியும். முடியாது என்பதுதான் பதில். அந்தப் படிவத்திலேயே அது இருந்தது, இரண்டாவது பக்கத்தில். அவள் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை.

நான் தலையாட்டினேன். லேசாக அல்ல, நன்றாகவே ஆட்டினேன்.

வலி விட்டதும் அவள் இரண்டாம் பக்கத்தைப் படிக்கவில்லை. திருப்பி, கடைசியில் கையெழுத்துப் போட்டாள். நானும் கையெழுத்துப் போட்டு, நகலைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். அதைத் தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

எத்தனையோ முறை எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடியிருக்கிறேன். வலியில் இருப்பவளிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது, ஆறுதலுக்காகத்தானே ஆட்டினேன், அவள் குழந்தைக்கு என்ன வந்துவிடப்போகிறது என்றெல்லாம். எதுவும் நிற்கவில்லை. எனக்குக் கொடி வேண்டியிருந்தது, அதனால் ஆட்டினேன்.

மதியத்துக்கு மேல் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நான் பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குச் சத்தங்கள் பழகியிருந்தன. முதலில் அம்மா கத்துவாள், பிறகு ஒரு நிசப்தம், உடனே குழந்தை. அன்றைக்கு அந்த நிசப்தம் நீண்டுகொண்டே போனது. உள்ளே செருப்புச் சத்தம் வேகமாக நடந்தது. டாக்டரின் குரல் சுருக்கமாக ஏதோ கேட்டது. கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் ஒருவர் ஓடி வந்தார்.

"கொடி எப்ப வரும் சிஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் தாண்டிப் போனார். அதற்கப்புறம்தான் குழந்தை அழுதது, பூனைக்குட்டி மாதிரி ஈனஸ்வரத்தில். சற்று நேரத்தில் ஸ்டீல் கிண்ணத்தில் கொடி வந்தது. மாலையில் போன் செய்து விசாரித்தேன். குழந்தைக்குக் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் வைத்தோம், இப்போது அம்மாவிடம் இருக்கிறான், நல்லா இருக்கான் என்றார்கள். நல்லா இருக்கான் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். 'குழந்தையின் நிலை: நலம்' என்று எழுதி, பதினேழு என்று எண் போட்டேன். அதற்கப்புறம் அவன் எனக்கு எண் பதினேழுதான்.

பதினேழு எங்கள் லேபின் செல்லப்பிள்ளை ஆயிற்று. மற்ற கொடிகளின் செல்கள் சில வாரங்களில் களைத்துப் போகும். இது சளைக்காமல் வளர்ந்தது. பிறந்து ஒரு வாரமான எலிக்குட்டிகளுக்கு மூளைக்குப் போகும் ரத்தத்தையும் மூச்சுக்காற்றையும் குறைத்து, பிரசவத்தில் திணறிய குழந்தைக்கு ஆவது போன்ற பாதிப்பை உண்டாக்குவோம். பிறகு எக்சோசோமைக் கொடுத்துவிட்டு, வளர்ந்ததும் கம்பி வலைமேல் நடக்க விட்டு, கால் எத்தனை தடவை நழுவுகிறது என்று எண்ணுவோம். பதினேழின் எக்சோசோமை வாங்கிய குட்டிகள் நடந்த நடையைப் பார்த்து என் மாணவி கைதட்டிவிட்டாள். கட்டுரை வெளியானது. லேபில் பால்கோவா கொடுத்தேன். கல்லூரி ஒன்றில் பேசக் கூப்பிட்டு சால்வை போர்த்தினார்கள். திரையில் பதினேழின் வரைபடம் ஏறியபோதெல்லாம் என் குரலும் கூடவே ஏறும்.

மூன்றரை வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். ஒரு அம்மா குழந்தையோடு வந்திருக்காங்க, உங்க கையெழுத்துப் போட்ட பேப்பர் வச்சிருக்காங்க என்றார்.

பார்வையாளர் அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. மடியில் ஒரு பையன். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கால்கள் விறைத்து ஒன்றன்மேல் ஒன்று கத்தரிக்கோல் போலக் குறுக்கே கிடந்தன. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நூறு தடவை படித்த நிலை அது. நேரில் பார்த்தது குறைவு. மேலே விமானம் ஒன்று தாழ்ந்து போனது. பையன் தலையை மெல்லத் திருப்பி ஜன்னலைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னைத் தெரியுதா அக்கா? பிரசவத்தப்போ கொடி வாங்கிட்டுப் போனீங்களே."

பையிலிருந்து பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தாள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள். அவற்றோடு அந்த ஒப்புதல் படிவத்தின் நகல். லாமினேட் செய்திருந்தாள். நம் ஊரில் தொலைக்கக் கூடாத காகிதங்களை என்ன செய்வோமோ அதை அவளும் செய்திருந்தாள். கீழே என் கையெழுத்து பளபளத்தது.

"எட்டு மாசக் குழந்தையா இருக்கும்போதுதான் கண்டுபிடிச்சாங்க. பொறக்கும்போது மூளைக்குக் காத்துப் போகலையாம். எல்லாரும் அழுதாங்க. நான் அழல. அவனோட கொடி பத்திரமா இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கொஞ்சம் பெரியவனாகட்டும்னுதான் இருந்தேன். இப்பத் தேவைப்படுது அக்கா. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

எந்தத் தயக்கமும் இல்லாமல், தன் பொருளைத் தானே வாங்க வந்தவளாக அதைச் சொன்னாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கமிட்டியில கேக்கணும். ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க." அவளும் அங்கேயே, பையன் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, டீச்சர் கையெழுத்தில் குண்டு குண்டாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் கடிதத்தை நான் எந்தக் கமிட்டிக்கும் அனுப்பவில்லை. என் மேஜை டிராயரில் போட்டு மூடினேன்.

தாம்பரத்தில் பையனுக்குப் பிசியோதெரபி முடிந்து சனிக்கிழமை தோறும் அவள் வந்தாள். நான் மீட்டிங்கில் இருப்பதாகச் செக்யூரிட்டியைச் சொல்ல வைத்தேன். ஒருநாள் பின்வாசல் வழியாக நழுவி, வழக்கமான ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு, சானடோரியம் ஸ்டேஷனுக்கு வெயிலில் நடந்தே போனேன். மூளை ஆராய்ச்சியாளர், கையில் டிபன் பையோடு, ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் பயந்து ஓட்டம்.

அந்த வாரங்களில் இன்னொரு எண்ணமும் என்னைப் பிய்த்துத் தின்றது. எங்கள் துறையில் சிலர் செல்களை வேண்டுமென்றே ஆக்சிஜன் குறைந்த காற்றில் வளர்ப்பார்கள். அப்படித் தவித்த செல்கள் விடுகிற எக்சோசோம் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்பார்கள். பதினேழு ஏன் மற்றக் கொடிகளைவிட நன்றாக இருந்தது என்று எங்களுக்குத் தெரியாமலே இருந்தது. இப்போது சந்தேகம் வந்தது. அவன் உள்ளே திணறியபோது அந்தக் கொடியும் சேர்ந்துதான் திணறியிருக்கும். அதனால்தானோ? நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் விதிப்படி அந்தக் கொடியை நான் எடுத்திருக்கவே கூடாது என்பதற்கு நிரூபணம் தேவையில்லை. பால்கோவா கொடுத்தது ஞாபகம் வந்து எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்புறம் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலம். மாலை கூட்டத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். பத்துப் படி முன்னால் அவள். பையனை இடுப்பில் வைத்திருந்தாள். விறைத்த கால்கள் இடுப்பில் அணையாமல் நீட்டிக்கொண்டு நின்றன. பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். பையை இந்தத் தோளுக்கு மாற்றி, பிள்ளையை அந்த இடுப்புக்கு மாற்றினாள். எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். என் இரண்டு கையும் சும்மா இருந்தது. நான் செய்தது என்னவென்றால், அவள் திரும்பினால் தெரிந்துவிடுவேனே என்று கைப்பிடியோரம் ஒதுங்கி, போனைக் காதில் வைத்துக்கொண்டேன். கீழே ரயில் ஒன்று ஹாரன் அடித்தது. பையன் கிளுகிளுவென்று சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டே மிச்சப் படிகளை ஏறினாள். மறுமுனையில் யாருமே பேசாத போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னை எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் டிராயரிலிருந்து கடிதத்தை எடுத்து, அதிலிருந்த நம்பருக்கு போன் செய்து, வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன்.

குரோம்பேட்டையில் ஒரு சந்தில், மாடிப் போர்ஷன். கணவர் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். பையனைத் தலையணைகளுக்கு நடுவே சாய்த்து வைத்துத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையை மெல்லத் தடவிவிட்டால்தான் அவனால் விழுங்க முடியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேச ஆரம்பித்தாள். பக்கத்திலேயே இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கிறதாம். தெரபிஸ்ட் ஒரு வருஷமாகச் சேர்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"நான் சேர்க்கல. செல்லைப் போட்டதும் அவன் சரியாயிடுவான், நான் வேலை பார்த்த ஸ்கூல்லயே சேர்த்துக்கலாம்னு இருக்கேன்."

இதைக் கேட்டபிறகு சுற்றி வளைக்க வழியில்லை.

"நீங்க அன்னிக்குக் கேட்டீங்க, வந்து கேட்டா குடுப்பீங்களான்னு. நான் தலையாட்டினேன்."

"ஆமா."

"அது பொய். குடுக்க முடியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அவள் கை நிற்கவில்லை. இன்னொரு வாய் ஊட்டினாள், தொண்டையைத் தடவினாள்.

"அப்ப எதுக்கு ஆட்டினீங்க?"

"எனக்குக் கொடி வேணும்னு."

எல்லாவற்றையும் சொன்னேன். எங்களிடம் இருப்பது மருந்து இல்லை, மனிதர்களுக்குக் கொடுக்கிற சுத்தத்தில் அது வளர்க்கப்படவில்லை என்றேன். பாதிப்பு வந்து ஓரிரு நாளுக்குள் எலிக்குக் கொடுத்ததை, மூன்றரை வருஷம் ஆன குழந்தைக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, கெடுதலும் வரலாம் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். 'அக்கா' போய் 'மேடம்' வந்திருந்தது.

"எலிக்கா குடுத்தீங்க? அதுங்களுக்கு என்ன மேடம்?"

"இவனுக்கு வந்ததுதான்."

"எலிக்கு எப்படி வந்துச்சு?"

"நாங்கதான் வர வச்சோம்."

அப்போதுதான் முதல் தடவையாகக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் சரியாச்சா?"

"ஓரளவுக்கு."

"நடந்துச்சா?"

"நடந்துச்சு."

அவள் பையன் பக்கம் திரும்பினாள். வாயோரம் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைத்துவிட்டாள். "டேய், உன்னால எலிக்குட்டி நடந்துச்சாம்டா" என்றாள். அவன் அம்மாவின் குரலுக்கு மலர்ந்து சிரித்தான். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன்.

பிறகு நான் சொல்ல வேண்டிய கடைசி விஷயத்தைச் சொன்னேன். பதினேழில் ஒரே ஒரு குப்பி மிச்சம் இருக்கிறது, திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருக்கிறோம், படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது, கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அப்படிப் பெற்றால் மிச்சத்தை நாங்கள் அழித்துவிட வேண்டும் என்றேன். அவள் அழிக்கச் சொல்ல மாட்டாள் என்றுதான் நினைத்தேன். எந்தத் தாய் சொல்வாள்? அந்த நம்பிக்கையில்தான் அவ்வளவு நேர்மையாகப் பேசினேனோ என்னவோ.

அவள் லாமினேட் செய்த படிவத்தை ஃபைலிலிருந்து எடுத்து, திருப்பி, மூன்றரை வருஷத்துக்கு முன் படிக்காமல் விட்ட பக்கத்தைப் படித்தாள். முழுதும் படித்தாள்.

"அழிச்சிடுங்க மேடம்."

"அவசரப்பட வேணாம். யோசிச்சு..."

"அங்க ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா நான் காத்துக்கிட்டேதான் இருப்பேன். இவனையும் காக்க வைப்பேன். என்னால முடியாது."

இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த இடத்தில் நான் வாதாடினேன். "அந்த ஒரு குப்பியை வச்சு இன்னும் எவ்வளவோ கண்டுபிடிக்கலாம், நாளைக்கு வேற குழந்தைகளுக்கு..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாக்கியத்தை முடிக்காமல் விட்டேன். அவள் நோட்டுத்தாள் ஒன்றைக் கிழித்து, சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதி, கணவரிடம் தான் சொல்லிக்கொள்வதாகச் சொல்லி, என் கையில் கொடுத்தாள்.

மூன்று நாள் நான் அதைச் செய்யவில்லை.

அந்த மூன்று நாளில் நான் நினைத்தவற்றை யாரிடமும் சொன்னதில்லை. வேறொரு குப்பியை அழித்துவிட்டுப் பதினேழு என்று கணக்குக் காட்டலாம். லேபிளை மாற்றினால் யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தேவை அழிந்தது என்ற செய்திதானே, செய்தியைக் கொடுத்துவிட்டால் போகிறது. இப்படியெல்லாம் சமைத்துக்கொண்டே குளித்துக்கொண்டே யோசித்தேன். மாணவியின் ஆராய்ச்சிக்காக என்று சாக்கு வேறு. நான்காம் நாள் மாணவியிடம் கடிதத்தைக் காட்டினேன், ரெண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால். படித்துவிட்டு, "அப்ப எடுத்துடலாம் மேடம். நான் வேற கொடியில ஆரம்பிச்சுக்கறேன்" என்று சொல்லி உடனே கையுறையைப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அதில் யோசிக்கவே ஒன்றும் இருக்கவில்லை.

நைட்ரஜன் தொட்டியைத் திறந்ததும் வெண்புகை வழிந்தது. குப்பியை எடுத்து வெதுவெதுப்பான நீரில் பிடித்தேன். உறைந்தது கரைந்தது. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. எல்லாம் உருண்டை உருண்டையாக, ஒளியோடு, உயிரோடுதான் இருந்தன. பிறகு பிளீச்சை ஊற்றினேன். கையெழுத்துப் போட்டோம். அன்றைக்கே கமிட்டிக்கு எல்லாவற்றையும் எழுதினேன், தலையாட்டியது உட்பட. இனி ஒப்புதல் வாங்கும் வேலையை நான் செய்யக் கூடாது, பதினேழின் முடிவுகள் பற்றிப் பத்திரிகைக்கு விளக்கம் அனுப்ப வேண்டும் என்று பின்னால் பதில் வந்தது. எனக்கு அந்தத் தண்டனை குறைவாகத்தான் பட்டது.

மாலையில் அவளுக்கு போன் செய்தேன்.

"முடிஞ்சுதா மேடம்?"

"முடிஞ்சுது."

பின்னால் குக்கர் சத்தமும், பையனின் குரலும் கேட்டன.

"சரி மேடம். இப்ப அவன் மொத்தமா எங்கிட்டதான் இருக்கான்" என்றாள். "திங்கக்கிழமை அந்த ஸ்கூல்ல போய்ப் பாக்கறோம். அவருக்கும் லீவு சொல்லியிருக்கு."

வைத்துவிட்டாள். நான் லேபில் உட்கார்ந்து அழுதேன். மாணவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அந்தக் குழந்தைக்காக அழுதேனா, அந்தக் குப்பிக்காக அழுதேனா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.